தடமில்லா மலையில் ஒரு பகற்பொழுது

கும்பகோணத்துக்காரர்களாகிய எங்களுக்கு மலை என்றால் சுவாமிமலைதான். ஊருக்கு மேற்கே, வயல்களுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் நடுவே எழுந்து நிற்கும் அந்தக் குன்று, பூமி தானாக ஈன்ற குன்றன்று. மனிதர் கல்லடுக்கிக் கட்டி எழுப்பிய கட்டுமலை. பிரபவ முதல் அட்சய வரையிலான வருஷங்களைக் குறிக்கும் 60 படிகளை ஏறி முடித்தால் சுவாமிநாதனின் சந்நிதி வந்துவிடுகிறது. மூச்சு வாங்கத் தொடங்கும் முன்பே மலை முடிந்துவிடுகிறது. மலையே இல்லாத பிரதேசத்தில் பிறந்தவர்களுக்கு உயரத்தின்மேல் ஒரு தீராத தாகம் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால், யானை ஏற முடியாத மாடக்கோயில்கள் எழுபதைக் கோச்செங்கட் சோழன் கட்டினான் என்ற மரபு இந்த நாட்டில் இத்தனை காலம் நிலைத்திருக்குமா, ராஜராஜன் தஞ்சையில் 200 அடிக்கு மேல் விமானத்தை எழுப்பியிருப்பானா என்று நான் பல முறை எண்ணியதுண்டு.

மலையில்லாத குறை ஒரு சமயம் அந்நியர் ஒருவருக்கும் பெருஞ்சங்கடமாயிற்று. 1802-இல் சென்னையில் அடிக்கோடு அளந்து, இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளக்கத் தொடங்கிய வில்லியம் லாம்ப்டன், மலை உச்சிக்கு மலை உச்சி கருவியைத் தூக்கிச் சென்று கோணம் பார்த்துக்கொண்டே தெற்கே வந்தவர். காவிரிச் சமவெளிக்குள் நுழைந்ததும் ஏறி நின்று பார்க்க ஒரு மேடுகூட அகப்படாமல், எங்கு நோக்கினும் தென்னந்தோப்பு கண்ணை மறைக்க, கோயில் கோபுரங்களையே மலைகளாகக் கொள்ள நேர்ந்தது. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின்மேல், ஏறக்குறைய அரை டன் எடையுள்ள கோணமானியைக் கயிறு கட்டி ஏற்றியபோது கயிறு அறுந்து, கருவி கற்சுவரில் மோதி நெளிந்துபோனது. அவர் மனம் தளரவில்லை. வாரக்கணக்கில் கூடாரத்துக்குள் தனித்திருந்து, நெளிந்த வட்டத்தைத் தம் கையாலேயே சிறிது சிறிதாக நிமிர்த்தி, மீண்டும் அளவையைத் தொடர்ந்தார். அந்தச் சரித்திரத்தைப் படித்த நாள் முதல், நம் சமவெளி எவ்வளவு சமமானது என்பது எனக்குப் புதிதாகத் தோன்றத் தொடங்கியது. கும்பகோணம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 25 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. ஆயினும் அந்தச் சொற்ப உயரத்தை நம்பியே, ஆறு வாய்க்காலாகவும், வாய்க்கால் கன்னியாகவும், கன்னி மடையாகவும் பிரிந்து, ஒவ்வொரு வயலுக்கும் தண்ணீர் தானாக நடந்து போகிறது.

தண்ணீர் அப்படி நடப்பதால், மனிதனும் அதன் ஓரமாகவே நடக்கப் பழகியிருக்கிறான். எங்கள் ஊரில் தடமில்லாத இடம் என்று ஒன்று கிடையாது. வீதி முடிந்தால் ஆற்றங்கரை, ஆற்றங்கரை முடிந்தால் வாய்க்கால் கரை, அதுவும் முடிந்தால் வரப்பு. நான் வைத்த எந்த அடியும் எனக்கு முன்னே ஆயிரம் பேர் வைத்த அடியின்மேல்தான் விழுந்திருக்கிறது. இருட்டில் வழி தப்பியவனுக்குப் பெரியவர்கள் சொல்லும் புத்திமதியும் ஒன்றே ஒன்றுதான்: வாய்க்காலைப் பிடித்துக்கொண்டு நட, ஊர் வந்து சேரும். அறுபது வயது வரை அந்தப் புத்திமதியை உலகம் முழுமைக்கும் பொதுவான சத்தியம் என்றே நான் நம்பியிருந்தேன். சென்ற புரட்டாசியில், சம்பா நடவு முடிந்த கையோடு நீலகிரிக்குச் சென்று, குந்தா மலைகளின் புல்வெளியில் ஒரு பகல் முழுதும் நடந்தபோதுதான் அது சமவெளியின் சத்தியம் மாத்திரமே என்பதை அறிந்தேன்.

நீலகிரி என்றதும் உதகை ஏரியும் மலர்க் கண்காட்சியும் தேயிலைத் தோட்டமும் நினைவுக்கு வருகின்றன அல்லவா? நான் சொல்லும் இடம் அவற்றுக்கு அப்பால் உள்ளது. உதகையிலிருந்து தென்மேற்கே சாலை மார்க்கமாகச் சென்றால் அவலாஞ்சி என்ற நீர்த்தேக்கம் வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஏற்பட்ட பெரும் சரிவு ஒன்றைக் கண்டு ஆங்கிலேயர் இட்ட பெயர் அது. மலை மக்களின் நாவில் தேய்ந்து இப்போது தமிழ்ப் பெயர் போலவே ஒலிக்கிறது. அதற்குமேல் குந்தா மலைத்தொடர். அதில் கோலாரிபெட்டா என்ற சிகரம் 2,630 மீட்டர் உயரமுள்ளது. நீலகிரியிலேயே உயர்ந்ததான தொட்டபெட்டா 2,637 மீட்டர். ஏழு மீட்டர் குறைந்த காரணத்தினாலோ என்னவோ, தொட்டபெட்டாவில் மோட்டார் வண்டிகளும் பொரி கடலைக் கடைகளும் நெருக்கியடிக்க, கோலாரிபெட்டாவில் காற்றும் புல்லும் மாத்திரமே இருக்கின்றன.

அங்கே நினைத்தபோது சென்று நடந்துவிட முடியாது. முடியாதிருப்பதே நியாயம் என்பது என் எண்ணம். 2018-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் தேதி தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில், சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்தும் நடைப்பயணம் சென்றிருந்த இளைஞர்களையும் பெண்களையும் காட்டுத் தீ சூழ்ந்துகொண்டது. காய்ந்த போதைப்புல்லின்மேல் காற்றடித்தால் தீ மனிதனைவிட வேகமாக மலையேறும். மேல்நோக்கி ஓடியவர்களால் அதனை முந்த முடியவில்லை. இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அந்தத் துயரத்துக்குப் பின் மலைநடைக்கு அரசாங்கம் விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 மலைவழிகளைத் தேர்ந்து, அந்தந்த மலைகளில் பிறந்த இளைஞர்களையே வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்து, முன்பதிவு செய்து வருவோரை அவர்களுடன் அனுப்பும் முறையை ஏற்படுத்தியிருக்கிறது. கோடையில் தீக்காலம் வந்தால் வழிகள் மூடப்படுகின்றன. தனியாகவும் திருட்டுத்தனமாகவும் மலையேறுவதை வீரமென்று பேசுபவர்களைக் கண்டால் எனக்குக் குரங்கணிதான் நினைவுக்கு வருகிறது.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் தொதவர் குலத்து இளைஞர் ஒருவர். எருமை மந்தைகளோடு தலைமுறை தலைமுறையாக அந்தப் புல்வெளிகளில் சஞ்சரித்து வந்த குலம் அது. என்னை அவர் "ஐயா" என்றும், நான் அவரைத் "தம்பி" என்றும் அழைப்பதாக முதல் ஐந்து நிமிஷத்திலேயே வழக்கம் ஏற்பட்டுவிட்டது. புறப்படும் முன் அவர் என் காலைத்தான் பார்த்தார். முழங்கால் வரை நெய்த துணியாலான அட்டையுறையை மாட்டச் செய்து, அதன் விளிம்பில் உப்பும் வேப்பெண்ணெயும் தடவினார். என் பையிலிருந்த குடையை எடுத்து வண்டியிலேயே வைத்துவிட்டார்; "காத்துல இது உங்களைத் தூக்கிட்டுப் போயிடும், ஐயா" என்றார். வீட்டிலிருந்து எவர்சில்வர் டப்பாவில் அடைத்து எடுத்து வந்திருந்த புளியோதரைக்கும், ஒரு கம்பளி மேற்சட்டைக்கும், மழைச்சட்டைக்கும் மாத்திரம் அனுமதி கிடைத்தது. நனைந்த பருத்தித் துணி அந்தக் குளிரில் உடம்பின் சூட்டை உறிஞ்சிவிடும் என்பதும், நனைந்தாலும் சூடு காப்பது கம்பளி என்பதும் அன்று நான் கற்ற முதற்பாடம்.

முதல் ஒரு மணி நேரம் சோலைக்குள் நடந்தோம். உலகத்து விஞ்ஞானிகளெல்லாம் இவ்வகை மலைக்காட்டை 'ஷோலா' என்றே எழுதுகிறார்கள்; அது நம் சோலைதான். மலையின் மடிப்புகளில், நீரோடும் இடுக்குகளில் மாத்திரம் குட்டையான மரங்கள் ஒன்றையொன்று தழுவி நிற்கின்றன. கிளைதோறும் பாசி தொங்குகிறது. உள்ளே நுழைந்தால் பகலிலும் மாலை நேரம். சோலையின் விளிம்பைக் கத்தி கொண்டு அறுத்தாற்போல் முடித்துவிட்டு, அடுத்த அடியிலேயே திறந்த புல்வெளி தொடங்கிவிடுகிறது. மரம் ஏன் புல்வெளிக்குள் பரவுவதில்லை? மார்கழி, தை மாதங்களில் இரவில் உறைபனி விழும்போது திறந்த வெளியில் முளைத்த மரக்கன்றுகள் கருகிவிடுகின்றன. புல்லோ மேலே கருகினாலும் வேரில் உயிர் வைத்திருந்து மறுபடி தழைக்கிறது. தீயும் மேய்ச்சலும் அதற்குத் துணை செய்திருக்கலாம் என்று வாதிடுவோரும் உண்டு. ஆனால் இந்தப் புல்வெளி மனிதன் காட்டை அழித்து உண்டாக்கியதன்று என்பதற்கு உதகைக்கருகில் உள்ள சதுப்புகளே சாட்சி. அங்கே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மட்கிப் படிந்த கரிய மண்ணைத் தோண்டி ஆராய்ந்தவர்கள், எந்தக் காலத்தில் புல் மிகுந்திருந்தது, எந்தக் காலத்தில் மரம் மிகுந்திருந்தது என்பதை 20,000 ஆண்டுகள் பின்னோக்கிப் படித்து, 1993-இல் வெளியிட்டார்கள். மழை குறைந்து குளிர் மிகுந்த காலத்தில் புல்லும், மழை மிகுந்த காலத்தில் சோலையும் வளர்ந்தன என்பது அந்த மண்ணேட்டின் வாசகம்.

சோலையைவிட்டு வெளியே வந்தபின் சிறிது தூரம் ஒற்றையடித் தடம் ஒன்று தெரிந்தது; பிறகு அதுவும் புல்லுக்குள் மறைந்து போயிற்று. தடம் இல்லை என்பதன் பொருளை அப்போதுதான் என் கால்கள் உணர்ந்தன. தொலைவிலிருந்து பார்த்தால் பச்சைப் பட்டு விரித்தாற்போல் தோன்றும் அந்தப் புல்வெளி, அருகே சென்றால் முடிமுடியாகக் குத்துக் குத்தாக வளர்ந்திருக்கிறது. ஒவ்வொரு குத்தும் கவிழ்த்த கூடையளவு. குத்துக்கும் குத்துக்கும் நடுவே முழங்கால் அளவுப் பள்ளம். பள்ளத்தைப் புல்லின் தலைமயிர் மூடியிருக்கிறது. குத்தின் உச்சியில் மிதித்தால் அது சாய்ந்து காலை வழுக்கிவிடுகிறது. இடையில் மிதித்தால் பாதம் புதைந்து கணுக்கால் திருகிக்கொள்கிறது. நாற்றங்கால் சேற்றில் காலை அளந்து வைத்துப் பழகிய எனக்கே பத்து அடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கவேண்டியிருந்தது. இளைஞரோ புல்லின் அடியில், வேர் பிடித்த மேற்புறமாகப் பாதத்தைப் பக்கவாட்டில் வைத்து, சரிவுக்குக் குறுக்காகச் சாய்ந்து சாய்ந்து ஏறினார். நேரே ஏறாமல் கோணலாக ஏறினால் தூரம் கூடும், சிரமம் குறையும். மலையில் எருமையும் அவ்விதமே ஏறுமாம்.

மலைநடைக்குக் காலக்கணக்கு ஒன்று உண்டு. ஸ்காட்லாந்து தேசத்தவரான வில்லியம் நெய்ஸ்மித் என்பவர் 1892-இல் வகுத்தது அது. சமதூரத்துக்கு மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வீதம் கணக்கிட்டு, ஏறும் உயரத்தில் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்பது அவருடைய சூத்திரம். பத்து கிலோமீட்டரும் 600 மீட்டர் ஏற்றமும் உள்ள வழிக்கு மூன்று மணி நேரம். அவருடைய நாட்டு மலைகளும் மரமற்ற, தடமற்ற, சதுப்பு நிறைந்த மலைகளே. அங்கே யார் வேண்டுமானாலும் எந்த மலையிலும் நடக்கும் உரிமையைச் சட்டமே 2003-இல் உறுதிப்படுத்தியிருக்கிறது. அதைக் கேட்டு நம் நாட்டிலும் அப்படி வேண்டும் என்பாருண்டு. நான் ஒப்பவில்லை. நாங்கள் நடந்த சரிவில் மூன்று இடங்களில் காட்டெருமைச் சாணமும், ஓரிடத்தில் யானை பிடுங்கிப்போட்ட புல்லும் கிடந்தன. அது விருந்தாளியாகச் சென்று திரும்பவேண்டிய இடம். நெய்ஸ்மித்தின் கணக்கும் எங்களுக்குப் பலிக்கவில்லை. அந்தப் புல்லின்மேல் அவர் சொன்னதைப்போல் இருமடங்கு காலம் பிடித்தது.

முற்பகல் பத்து மணிக்குமேல் ஒரு பாறை முகட்டை நெருங்கியபோது இளைஞர் கையை உயர்த்தி எங்களை நிறுத்தினார். நீண்ட சீட்டியொலி ஒன்று கேட்டது. மேலே பாறை விளிம்பில் ஏழு வரையாடுகள் நின்றிருந்தன. குட்டி ஒன்று தாயின் வயிற்றுக்குக் கீழே நுழைந்துகொண்டது. முதிர்ந்த கடா ஒன்றின் முதுகில் வெள்ளி உருக்கி வார்த்தாற்போல் ஒரு திட்டு வெயிலில் மின்னியது. காலூன்ற இடமே இல்லை என்று நான் கருதிய செங்குத்தான பாறையில், அவை அவசரமில்லாமல், படித்துறையில் இறங்கும் பெண்களைப்போல் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி மறைந்தன. அவற்றின் குளம்பின் உட்புறம் ரப்பர்போல் மெத்தென்றிருப்பதால் வழுக்குப் பாறையையும் பற்றிக்கொள்ள முடிகிறது. சங்க நூல்கள் வருடை என்று கூறும் விலங்கு இதுவே. தமிழ்நாட்டின் மாநில விலங்கும் இதுதான். 2024-இல் எடுத்த கணக்கில் தமிழ்நாட்டு மலைகளில் 1,031 வரையாடுகள் இருந்தன.

இவற்றின் நிலையை முதன்முதலில் முறையாக ஆராய்ந்தவர்களுள் ஒருவரான டேவிதார் அவர்களைப்பற்றி இங்கே சொல்லாமல் போவது தகாது. தொழிலால் வழக்கறிஞர், மனத்தால் மலைவாசி. 1975 முதல் சில ஆண்டுகள், மேற்குத் தொடர்ச்சி மலையில் வரையாடு எங்கெங்கே எஞ்சியிருக்கிறது என்பதை ஆராய்ந்து எழுதினார். மந்தை எந்தச் சரிவில் மேய்கிறது என்பதை எந்த வரைபடமும் சொல்லாது. அதை அறிய ஒருவர் நடந்தே ஆகவேண்டும். அவர் நினைவாகத்தான் அக்டோபர் 7-ஆம் தேதி வரையாடு நாளாகக் கொண்டாடப்படுகிறது. இந்த நாட்டில் மலையேறுவதை வெறும் தேகப்பயிற்சியாகக் கருதுகிறவர்களுக்கு, ஒரு மனிதரின் நடை ஒரு ஜீவராசியைக் காக்கும் அறிவாகப் பரிணமித்த இந்தக் கதையைச் சொல்லவேண்டும் என்று தோன்றுகிறது.

நண்பகலில் மஞ்சு வந்தது. மலைவாசிகள் மூடுபனியை மஞ்சு என்கிறார்கள். மேற்கே கேரளத்துப் பக்கமாகக் குந்தா மலை திடீரென்று அறுபட்டு, பல நூறு மீட்டர் கீழே காட்டுக்குள் விழுகிறது. அந்தப் பள்ளத்திலிருந்து வெண்ணிறப் புகை எழுந்து, முகட்டைத் தாண்டி, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எதிரிலிருந்த சிகரத்தைத் துடைத்துவிட்டது. பிறகு சோலையை, பிறகு பாறையை, கடைசியில் என் முன்னே பத்தடியில் நின்ற மனிதரை. காது மாத்திரம் வேலை செய்தது. கீழே எங்கோ ஓடையின் சலசலப்பு கேட்டது. அறுபது ஆண்டுப் பழக்கம் என்னை அறியாமலே என் காலை அந்தப் பக்கம் திருப்பியது. ஓடை இருக்கிறது, அதன் கரையைப் பிடித்து இறங்கினால் எங்கேனும் ஓர் ஊர் வந்து சேரத்தானே வேண்டும்? நாலடி வைத்திருப்பேன், பின்னாலிருந்து என் பையை யாரோ பிடித்து நிறுத்தினார்கள்.

"ஐயா, அங்க போகாதீங்க. தண்ணி போற வழி நாம போற வழி இல்ல. இப்படியே உக்காருங்க. மஞ்சு விலகட்டும்."

உட்கார்ந்தோம். முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். புளியோதரையைப் பகிர்ந்து உண்டோம். திரை விலகியதும், நான் நடக்கத் தொடங்கிய திசையில் ஐம்பது அடிக்கப்பால் புல் முடிந்து, ஓடை ஒரு பாறை உதட்டிலிருந்து வெறும் வெளிக்குள் குதித்துக்கொண்டிருப்பதைக் கண்டேன். சமவெளியில் நீர் ஊரைத் தேடிப் போகிறது. மலையில் நீர் பள்ளத்தைத் தேடிப் போகிறது. அதற்குக் கால்கள் இல்லை, எலும்புகள் இல்லை, குதிப்பதில் அச்சமும் இல்லை. தடமில்லாத மலையில் நடப்பவன் ஓடையை விட்டுவிட்டு முகட்டைப் பிடிக்கவேண்டும். முகட்டின் முதுகிலேயே நடந்தால் இருபுறமும் எந்தச் சரிவு எங்கே போகிறது என்பது தெரிந்துகொண்டே இருக்கும். சர்வே வரைபடத்தில் சம உயரமுள்ள இடங்களை இணைத்து வளைந்து வளைந்து செல்லும் பழுப்புக் கோடுகளைப் படிக்கத் தெரிந்தவனுக்கு, கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமதரை என்பது வீட்டிலிருந்தபடியே விளங்கும். கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கருத்திருக்கும் இடத்தில் ஓடையின் நீலக் கோடு நுழைவதைக் கண்டால், அது அருவி. இதையெல்லாம் நான் முன்னரே புத்தகத்தில் படித்திருந்தும், மஞ்சுக்குள் என் கால் வாய்க்காலைத்தான் தேடியது.

தடமில்லா மலை என்று நான் இத்தனை முறை எழுதிவிட்டேன். ஆனால் அது எனக்குத்தான் தடமில்லாதது என்பதை அன்று பிற்பகலில் உணர்ந்தேன். முகட்டில் நடந்துகொண்டே அந்த இளைஞர் ஒவ்வொரு மேட்டுக்கும், ஒவ்வொரு சதுப்புக்கும், ஒற்றையாக நின்ற பாறைக்கும்கூடத் தம் மொழியில் பெயர் சொல்லிக்கொண்டே வந்தார். இந்த எருமைக்கு இந்த ஓடையில் தண்ணீர், இந்தக் காலத்தில் இந்தச் சரிவில் மேய்ச்சல் என்று அவருடைய பாட்டனார் காலத்துக் கணக்கு முழுவதும் அந்தப் பெயர்களில் இருந்தது. 1930-களில் அங்கே வந்து தொதவர் மொழியைக் கற்ற எமனோ என்ற அறிஞர் அவர்களுடைய பாடல்களைத் திரட்டி, 1971-இல் பெருநூலாக வெளியிட்டார். பாடல்களில் இடப்பெயர்கள் நிறைந்து கிடக்கின்றன. வடமேற்கே வானில் மூக்குப்போல் வளைந்து நின்ற முக்குருத்தி சிகரத்தைக் காட்டி, இறந்தவர்களின் ஆவியும் அவர்களுடைய எருமைகளின் ஆவியும் அந்தச் சிகரத்திலிருந்துதான் மறுஉலகுக்குத் தாவும் என்று பெரியவர்கள் சொல்வதாகச் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்தது. எனக்குக் காவிரிக் கரையில் திதி கொடுக்கும் படித்துறைகள் நினைவுக்கு வந்தன. நாங்கள் எங்கள் முன்னோரை நீர்வழியில் அனுப்புகிறோம், அவர்கள் தம் முன்னோரை முகட்டின் வழியே அனுப்புகிறார்கள்.

இறங்கும் வழியில் இன்னொன்றைக் கண்டேன். கண்டு மனம் வருந்தினேன். ஒரு சரிவு முழுவதும் புல்லே இல்லாமல், அடர்ந்த கரும்பச்சை மரங்கள் நெருங்கி நின்றன. நீலகிரியில் அதைச் சீகை மரம் என்கிறார்கள், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. தோல் பதனிடும் பட்டைக்காகவும் விறகுக்காகவும், 'வெற்று நிலம்' என்று எண்ணப்பட்ட புல்வெளிகளில் அதனைப் பல ஆயிரக்கணக்கான ஏக்கர்களில் நட்டார்கள். நட்டவர்களின் எண்ணம் தீயதன்று. மரம் நடுவது எங்கும் புண்ணியம் என்று நம்பினார்கள். ஆனால் புல்வெளி வெற்று நிலமன்று. பெய்த மழையைக் குத்துக்குத்தாகப் பிடித்துவைத்து, வேரடிக் கருமண்ணில் தேக்கி, சதுப்பு வழியாகச் சொட்டுச் சொட்டாகக் கசியவிட்டு, மழையில்லாத மாதங்களிலும் ஓடையை உலராமல் காப்பது அதுதான். சீகைக் காட்டுக்குள் புல் முளைப்பதில்லை, வரையாடு நுழைவதில்லை. 2018-இல் நீலகிரியிலும் பழனிமலையிலும் பூத்து, 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை மலையை நீலமாக்கும் குறிஞ்சிச் செடியும் அதன் நிழலில் தழைப்பதில்லை. இப்போது சில இடங்களில் சீகையை வெட்டிப் புல்லை மீட்கும் பணி நடக்கிறது. வேகமாக நடக்கவேண்டிய பணி.

இது மலைவாசிகளின் கவலை மாத்திரம் என்று நம் ஊரார் நினைத்துவிடலாகாது. குந்தா மலையின் ஓடைகள் அவலாஞ்சி, எமரால்டு நீர்த்தேக்கங்களில் சேர்ந்து, கனடா தேசத்தின் உதவியோடு அமைக்கப்பட்ட குந்தா மின் நிலையங்களில் ஒன்றிலிருந்து ஒன்றாக இறங்கிச் சுழலிகளைச் சுற்றி, பவானி ஆற்றில் கலக்கின்றன. முக்குருத்தியின் அடியில் பிறக்கும் பைக்காராவும் மாயாறாகி, பவானிசாகரில் வந்து சேர்கிறது. 1955-இல் கட்டி முடித்த அந்த அணை ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் இரண்டு லட்சம் ஏக்கருக்குமேல் பாசனம் செய்கிறது. மிஞ்சியது பவானிக் கூடுதுறையில் காவிரியைச் சேர்கிறது. அந்த இடம் மேட்டூர் அணைக்குக் கீழே இருக்கிறது என்பதை நம்மவர் பலர் கவனிப்பதில்லை. மேட்டூரில் கதவு மூடியிருக்கும் நாளிலும், நீலகிரியில் பெருமழை பெய்து பவானிசாகர் நிரம்பி வழிந்தால், அந்தத் தண்ணீர் கல்லணையை நோக்கி வந்துவிடும். 2019 ஆகஸ்டு முதல் பத்து நாட்களுக்குள் அவலாஞ்சியில் ஒரே நாளில் 911 மில்லிமீட்டர் மழை பெய்தது. அது எங்கள் ஊரில் ஓராண்டு முழுதும் பெய்கிற மழைக்கு நெருங்கி வருகிற அளவு. அந்த மழையைத் தாங்கி வாங்கி மெல்லக் கொடுப்பதற்கு மேலே புல் இருந்தால் அது பாசனம். இல்லாவிட்டால் வெள்ளமும் சேறும்.

மாலை நான்கு மணிக்குச் சோலை விளிம்புக்கு இறங்கி வந்தபோது கால்கள் நடுங்கின. அட்டையுறையை அவிழ்த்துப் பார்த்தால், அத்தனை உப்பையும் வேப்பெண்ணெயையும் மீறி ஓர் அட்டை கணுக்காலில் குடித்துக் கொழுத்துக் கிடந்தது. இளைஞர் அதன்மேல் ஒரு சிட்டிகை உப்பு வைத்ததும் சுருண்டு விழுந்தது. ரத்தம் நிற்கும்வரை சோலைக்குள்ளிருந்து வெளிவந்த ஒரு சிற்றோடையின் ஓரமாக உட்கார்ந்திருந்தோம். இரண்டு கை அகலம்தான் இருக்கும் அந்த ஓடை. கூழாங்கல்லின் மேல் பாசி அசைந்தது. தண்ணீர் பனிக்கட்டி போலிருந்தது. கையில் அள்ளி முகத்தில் தெளித்துக்கொண்டபோது பல் கிட்டியது.

"உங்க ஊரு எந்தப் பக்கம் ஐயா?" என்று கேட்டார்.

திசைகாட்டியை எடுத்துப் பார்த்தேன். நேர் கிழக்கே, சற்றே தெற்குச் சாய்வாக, ஏறக்குறைய 300 கிலோமீட்டர். அந்தத் திசையில் ஒன்றன்பின் ஒன்றாக முகடுகள் எழுந்து நின்று மறைத்திருந்தன. காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. காலடியில் ஓடிய தண்ணீரைக் காட்டினேன்.

"இது போற பக்கம், தம்பி."

அவர் ஓடையைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார், சிரித்தார்.

"இது வடக்கால இல்ல போகுது!"

"ஆமாம், சுத்திக்கிட்டு வந்து சேரும்" என்றேன்.